மரைன் டிரைவில் ஒரு விடியற்காலை மோதல்: ஓட்டக்காரர் ஏன் கண்ணில் படவில்லை?

நவம்பர் மாதம், காலை 5.10 மணி அளவில், கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கையிலிருந்து கடலோர வீதியான மரைன் டிரைவுக்கு வந்து இடப்பக்கம் திரும்பிய சின்ன பட்டா லொறி, வீதியோரமாக ஓடிவந்த ஒருவரை இடித்துத் தள்ளியது. இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது, முழங்காலில் தையல் போட்டார்கள், தாடை உரசிக்கொண்டு போனது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடியவர் எங்கள் காலை ஓட்டக் கூட்டத்தில் ஒருவர், நாற்பதைத் தாண்டிய கணக்காளர். அவருடைய சம்மதத்தோடு, லொறிச் சாரதியிடமும் பேசி, மூலையில் இருக்கும் அடுக்குமாடியின் சிசிரிவி பதிவையும் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று இருவருமே கேட்டுக்கொண்டார்கள்.

அன்று மத்தியானத்துக்குள்ளேயே வட்ஸ்அப் குழுவில் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்கள். "இருட்டில் ஓடினால் இப்படித்தான்" என்றார் ஒருவர். "ரிஃப்ளெக்டர் வெஸ்ட் போட்டிருந்தால் தப்பியிருப்பார்" என்றார்கள் பலர். பதிவைப் பார்த்த பிறகு இந்த இரண்டாவது பேச்சை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த மோதலில் வெஸ்ட் அவரைக் காப்பாற்றியிருக்காது.

நடந்தது

முதலில், ஏன் அந்த நேரம் என்று கேட்பவர்களுக்கு. கொழும்பில் ஆண்டு முழுவதும் சூரியன் கிட்டத்தட்ட 5.50 க்கும் 6.30 க்கும் இடையில்தான் உதிக்கிறது. வெளிச்சம் வந்த பிறகு ஓடலாம் என்று இருந்தால், ஓடி முடித்துக் குளித்து, பிள்ளையைப் பள்ளிக்கூட வானில் ஏற்றி, அலுவலகத்துக்குப் போக முடியாது. ஏழரை மணிக்கு மேல் இந்தப் புழுக்கத்தில் ஓடவும் முடியாது. ஆகவே இங்கே ஓடுகிறவர்களுக்கு இருட்டு மார்கழிக்கு மட்டும் உரியதல்ல, பன்னிரண்டு மாதமும் உண்டு.

முதல் நாள் இரவு நல்ல மழை. வீதி ஈரம். கணக்காளர் தெஹிவளைப் பக்கமிருந்து பம்பலப்பிட்டியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். கடலுக்கு எதிர்ப்பக்கம், அதாவது வீடுகள் இருக்கும் பக்கம். நாங்கள் இடப்பக்கமாக வாகனம் ஓட்டும் நாடு. அவர் வடக்கு நோக்கி வலது ஓரமாக ஓடியதால் வாகனங்கள் அவருக்கு எதிரே வந்தன. எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி ஓடு என்று எல்லோரும் சொல்லிக் கொடுக்கிற ஒழுங்கு அதுதான். அவர் அதைப் பிசகாமல் செய்தார். உடம்பில் செம்மஞ்சள் நிறத்தில் பளபளக்கும் ஓட்ட ஜேர்சி, கறுப்புக் கட்டைக் காற்சட்டை, சாம்பல் நிறச் சப்பாத்து, ஒரு காதில் இயர்போன்.

ஒழுங்கை மூலையில் இரண்டு ஓட்டோக்கள் இரவு முழுக்க நிறுத்தப்பட்டிருந்தன. அவற்றைச் சுற்றிப் போக அவர் வீதிக்குள் சற்று இறங்கினார். ஒழுங்கை வாயில் லொறி வந்து வேகத்தைக் குறைத்தது. ஹெட்லைற் எரிந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். "எனக்காகத்தான் நிற்பாட்டுகிறான் என்று நினைத்தேன்" என்று பிறகு சொன்னார். லொறி நிற்கவில்லை. உருண்டு வந்து இடப்பக்கம் திரும்பியது.

வைத்தியசாலை விறாந்தையில் சாரதியைக் கண்டபோது மனுசனுக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. "ஐயா, வலப்பக்கம் வாகனம் வருதா என்டுதான் பார்த்தேன். இடப்பக்கத்தால ஆள் வரும் என்டு யார் நினைக்கிறது?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். பதிவில் அவர் தலையைத் திருப்பிப் பார்ப்பதுகூட மங்கலாகத் தெரிகிறது. வலப்பக்கம்தான்.

சாரதியின் ஆசனத்திலிருந்து

ஒழுங்கையிலிருந்து இடப்பக்கம் திரும்புகிற ஒருவருக்கு ஆபத்து வரக்கூடிய பக்கம் வலது. மரைன் டிரைவில் தெற்கு நோக்கி வரும் வாகனம் அந்தப் பக்கத்தால்தான் வரும். அங்கே இடைவெளி கிடைத்ததும் கால் பிரேக்கை விடும். இடப்பக்கம் பார்க்க அவருக்குக் காரணமே இல்லை. வீதி ஒழுங்குப்படி அந்தப் பக்கத்திலிருந்து அவருடைய பாதைக்குள் எந்த வாகனமும் வரக்கூடாது. எதிர்ப்பக்கமாக ஓடும் மனிதன் மட்டும்தான் அங்கிருந்து வருவான்.

நேர்வீதியில் உயிரைக் காக்கும் விதி சந்தியில் ஆளைக் காட்டிக்கொடுக்கும். இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வெள்ளவத்தைப் பக்கம் மரைன் டிரைவின் வீட்டுப் பக்கத்தை எண்ணிப் பாருங்கள், பிரதான வீதியான காலி வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கைகள் வரிசையாக வந்து முட்டுகின்றன. ஒவ்வொன்றும் இதே பொறி.

இதற்கு மேல், சாரதி இருப்பது வலது ஆசனத்தில். இடப்பக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் பக்கத்து ஆசனத்தைத் தாண்டிப் பார்க்க வேண்டும். அங்கே மரக்கறி இறக்கும் உதவியாள் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மழைக்கு ஏற்றிவிட்ட கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. முன்கண்ணாடியில் கடற்காற்று கொண்டுவந்த உப்புப் படலம். கரையோர வீதியில் வாகனம் ஓட்டுகிறவர்களுக்கு இந்த உப்பு தெரியும். பகலில் இருப்பதே தெரியாது, எதிர் வெளிச்சம் பட்டவுடன் கண்ணாடி முழுக்க வெளுத்துவிடும். அந்தக் கணத்தில் எதிர்வெளிச்சமும் இருந்தது. ஓட்டக்காரருக்குப் பின்னால், கடல் பக்கப் பாதையில், ஒரு கார் வடக்கு நோக்கி வந்துகொண்டிருந்தது. சாரதி ஓரக்கண்ணால் இடப்பக்கம் பார்த்திருந்தாலும் அந்த ஹெட்லைற்றுகளைத்தான் கண்டிருப்பார். பக்கத்தில் இருந்த மனிதன் அந்த வெளிச்சத்தில் கரைந்துபோயிருப்பான்.

ஜேர்சியும் வெஸ்ட்டும்

அந்தச் செம்மஞ்சள் ஜேர்சி விலை கூடியது. கடையில் கண்ணைப் பறிக்கும். ஆனால் அந்த வகைச் சாயம், கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரையும் நீல ஒளியையும் உறிஞ்சித் தன் நிறத்தில் வெளியே விடுவதால்தான் அப்படிப் பளிச்சிடுகிறது. சூரியன் இருந்தால் சரி. புறஊதா இல்லாத இரவில் அதற்கு வேலை இல்லை. மஞ்சள் தெருவிளக்கின் கீழே செம்மஞ்சள் ஜேர்சி மண்ணிறமாகத் தெரிகிறது. சாதாரண வெள்ளைச் சட்டை அதைவிட மேல். மார்கழித் திருவெம்பாவைக்கு விடியமுன் வேட்டியோடு கோயிலுக்கு நடந்து போகிற எங்கள் பெரியவர்கள், பத்தாயிரம் ரூபாய் ஜேர்சி போட்ட எங்களைவிட வீதியில் நன்றாகத் தெரிகிறார்கள் என்பது கொஞ்சம் வெட்கமான உண்மை.

சரி, வெஸ்ட்? வெஸ்ட்டில் உள்ள வெள்ளிப் பட்டியில் மிகச் சிறிய கண்ணாடி மணிகள் பதிந்திருக்கும். ஒளி எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசைக்கே அதைத் திருப்பி அனுப்புவது அவற்றின் வேலை. வாகனத்தின் ஹெட்லைற் சாரதியின் கண்ணுக்குக் கீழே கிட்டத்தில் இருப்பதால் திரும்பும் ஒளி அவர் கண்ணில் விழுகிறது, பட்டி பற்றி எரிவதுபோலத் தெரிகிறது. அதற்கு முதலில் ஹெட்லைற் உங்கள் மேல் பட வேண்டும். ஒழுங்கை வாயில் நின்ற லொறியின் வெளிச்சம் நேரே தண்டவாளத்தையும் கடலையும் பார்த்துக்கொண்டிருந்தது. ஓட்டக்காரர் அதற்கு இடப்பக்கத்தில் இருந்தார். லொறி திரும்பத் தொடங்கிய பிறகுதான் அந்த வெளிச்சம் அவரை நோக்கி வந்தது.

பதிவில் பார்த்தால், வெளிச்சம் அவர் மேல் விழுந்ததற்கும் மோதலுக்கும் இடையில் ஒரு செக்கன்தான் இருக்கும். லொறியின் வேகத்தை மணிக்கு 12 கிலோமீற்றர் என்று வைப்போம், அது செக்கனுக்கு 3.3 மீற்றர். கிலோமீற்றருக்கு ஆறு நிமிடம் என்று ஓடுகிறவர் செக்கனுக்கு 2.8 மீற்றர் வருகிறார். இருவரும் ஒருவரை ஒருவர் நோக்கி வருவதால் ஒரு செக்கனில் ஆறு மீற்றர் இடைவெளி அழிந்துவிடும். எதிர்பாராத ஒன்றைக் கண்டு காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோக மனிதருக்குப் பொதுவாக ஒன்று முதல் ஒன்றரைச் செக்கன் வேண்டும். வெஸ்ட் பற்றி எரிந்திருக்கும், உண்மை. அதைச் சாரதி மோதும்போதுதான் கண்டிருப்பார்.

கடந்து போன காரின் வெளிச்சம் வெஸ்ட்டில் பட்டிருக்குமே என்று ஒருவர் கேட்டார். பட்டிருக்கும். அந்த ஒளி அந்தக் காருக்கே திரும்பிப் போயிருக்கும். ஒழுங்கையில் நிற்பவருக்கு ஒரு துளியும் வராது.

இதைக் கணக்கில் சொன்னால் நம்பாதவர்கள் இருந்தார்கள். ஆகவே அதே ஒழுங்கையில், அதே இருட்டு நேரத்தில், நண்பர் ஒருவரின் வானை நிறுத்தி, இடது ஆசனத்தில் ஆளை இருத்தி, நான் சாரதி ஆசனத்தில் ஏறினேன். கணக்காளரின் மச்சான் அதே பாதையில் ஓடிவந்தார். செம்மஞ்சள் ஜேர்சியோடு வந்தபோது ஓட்டோவைத் தாண்டும் வரை எதுவும் தெரியவில்லை, தாண்டிய பிறகு ஏதோ ஒன்று அசைகிறது என்று மட்டும் தெரிந்தது. நாயாகவும் இருக்கலாம். வெள்ளைச் சட்டையில் கொஞ்சம் பரவாயில்லை. வெஸ்ட்டோடு வந்தபோது, வானின் ஹெட்லைற் முழுதாக எரிந்தும், வெஸ்ட் செத்துக் கிடந்தது. பட்டி சாம்பல் நிறத் துணியாகத்தான் தெரிந்தது. பிறகு அவர் கையில் ஒரு சின்ன டோர்ச்சைக் கொடுத்து, கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவரச் சொன்னோம். ஆள் ஓட்டோவுக்குப் பின்னால் மறைந்திருக்கும்போதே ஈரத் தாரில் ஒரு வெளிச்ச வட்டம் முன்னே ஓடி வந்தது. கை வீசும் தாளத்தில் முன்னும் பின்னும் ஆடியது. நான் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோதே அது ஓரக்கண்ணில் பட்டு என் தலையைத் திருப்பிவிட்டது. இருட்டில் ஓரப்பார்வை அசைவுக்கு நன்றாகவே விழித்துக்கொள்ளும்.

சாரதியின் வெளிச்சத்தை நம்பியிருக்கும் எதுவும் சந்தியில் உதவாது. சொந்த வெளிச்சம் வேண்டும்.

அதற்காக வெஸ்ட்டைத் தூக்கி எறியாதீர்கள்

நேர்வீதியில் கதை வேறு. மணிக்கு 50 கிலோமீற்றரில் வரும் கார், சாரதி கண்ட கணத்திலிருந்து நிற்க, காய்ந்த தாரில் ஏறத்தாழ 35 மீற்றர் எடுக்கும். ஈரத்தில் 45 ஐயும் எட்டலாம். டிம் லைற்றில் கறுப்பு உடுப்புப் போட்ட ஆள் அந்தத் தூரத்துக்குள்தான் சில வேளை தெரியவே தொடங்குவார். அங்கே பிரதிபலிப்புப் பட்டி உயிரைக் காக்கும்.

ஆனால் அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 1973 இல் சுவீடனில் குன்னார் யோஹான்சன் என்ற உளவியலாளர், ஆட்களின் மூட்டுகளில் மட்டும் சிறு வெளிச்சப் புள்ளிகளை வைத்து, மற்றெல்லாம் இருட்டாகப் படம் எடுத்துக் காட்டினார். ஆள் அசையாமல் இருந்தபோது வெறும் புள்ளிகள். நடந்தவுடன் பார்த்தவர்கள் மனிதன் என்று உடனே சொல்லிவிட்டார்கள். இதைப் பிடித்துக்கொண்டு அவுஸ்திரேலியாவில் ஜோஆன் வூட் குழுவினர் மூடிய வீதி ஒன்றில் சாரதிகளை இரவில் ஓட்டவிட்டுப் பார்த்து 2005 இல் வெளியிட்ட ஆய்வில், கறுப்பு உடை, டிம் லைற், எதிர்வெளிச்சம் மூன்றும் சேர்ந்த மிக மோசமான நிலையில் பாதசாரிகளில் 5 சதவீதத்தினரைத்தான் சாரதிகள் அடையாளம் கண்டார்கள். மூட்டுகளில் பட்டி கட்டியவர்களை நல்ல நிலையில் 100 சதவீதமும் கண்டார்கள்.

வெஸ்ட் நெஞ்சில் இருக்கிறது. நெஞ்சு ஓடும்போது பெரிதாக அசைவதில்லை. தூரத்திலிருந்து பார்க்கிற சாரதிக்கு அது ஒரு வீதிப் பலகையாகவோ நிறுத்திய வாகனத்தின் பின்புறமாகவோ இருக்கலாம். கணுக்காலில் கட்டிய பட்டி மேலும் கீழும் போய்வரும், மனிதக் கால் என்று ஒரு பார்வையில் புரியும். டிம் லைற் கீழ்நோக்கி அடிப்பதால் கணுக்காலில்தான் அதிகம் விழும். வெஸ்ட் அல்லது கணுக்கால் பட்டி, ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் பட்டியைத்தான் சொல்வேன். பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடைகளில் ஒட்டுப் பட்டி கிடைக்கும், ஆனால் அது துணிக்கு ஒட்டாது. தைக்கும் பட்டியாகக் கேளுங்கள், தையற்காரர் காற்சட்டை ஓரத்திலும் சட்டைக் கையிலும் தைத்துத் தருவார். ஒரு குறை உண்டு. மணிகள் வெளியே தெரியும் சாதாரண வெள்ளிப் பட்டி, மழையில் நனைந்தால் மங்கிவிடும், தோய்க்கத் தோய்க்கவும் தேயும். டோர்ச்சை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து அடித்துப் பார்த்தால் இன்னும் உயிர் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

காது

இயர்போன் மேல் பழி போட ஒரு கோஷ்டி இருந்தது. இந்தச் சம்பவத்தில் அதற்குப் பெரிய பங்கு இல்லை. அவர் லொறியைக் கேட்காமல் விடவில்லை, கண்ணால் பார்த்தே இருந்தார். ஆனால் பொதுவாக எனக்கு இரண்டு காதும் அடைத்துக்கொண்டு ஓடுகிறவர்களைப் பிடிக்காது. விடிந்த பிறகு பீத்தோவனின் 'ஃபூர் எலிஸ்' இசையோடு பாண் விற்க வரும் 'சூன் பாண்' ஓட்டோ ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் கேட்கும். பின்னால் மின்மோட்டாரில் மெதுவாக வரும் பிரியஸ் கார் பக்கத்தில் வரும் வரை கேட்காது. கொழும்பு முழுக்க ஹைபிரிட் கார்கள்.

அவரைக் கவிழ்த்தது காது அல்ல, அந்த ஒரு நினைப்பு: நான் அவனைப் பார்க்கிறேன், அவனும் என்னைப் பார்க்கிறான். இருட்டில் இது சமமான கொடுக்கல் வாங்கல் அல்ல. ஹெட்லைற் போட்ட லொறியை எவரும் பார்க்கலாம். வீதியில் நடப்பவர்கள் தாம் எவ்வளவு தூரத்திலிருந்து தெரிகிறோம் என்பதைப் பெரும்பாலும் கூட்டித்தான் மதிப்பிடுகிறார்கள் என்று பல பத்தாண்டுகளாக ஆய்வுகள் சொல்கின்றன. ஒழுங்கை வாயில் வாகனம் வேகத்தைக் குறைத்தால், அது உங்களுக்காகக் குறைந்ததா என்பது சாரதியின் முகம் உங்கள் பக்கம் திரும்பியதா என்பதில்தான் இருக்கிறது. முகம் தெரியாவிட்டால் நில்லுங்கள். லொறிக்குப் பின்னால் சுற்றிப் போனாலும் பரவாயில்லை, பத்து செக்கன்தான் போகும்.

ஐசி

மோதிய பிறகு நடந்தது சம்பந்தப்பட்டது, ஆனால் வேறு கதை. சாரதியே ஒரு ஓட்டோவைப் பிடித்து அவரை ஏற்றிக்கொண்டு போனார். நல்ல மனது, ஆனால் முதுகெலும்பில் அடிபட்டிருந்தால் அது ஆபத்து. 1990 க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும் என்பது அந்தப் பதற்றத்தில் யாருக்கும் நினைவு வரவில்லை. அவரிடம் ஐசி, அதாவது அடையாள அட்டை, இல்லை. கைபேசி பூட்டியிருந்தது. அவர் அரை மயக்கத்தில் இருந்ததால், வீட்டுக்குத் தகவல் போனபோது நன்றாக விடிந்துவிட்டது.

யுத்த காலத்தில் வெள்ளவத்தையில் எந்தத் தமிழரும் ஐசி இல்லாமல் படலையைத் தாண்டியிருக்க மாட்டார், அதுவும் விடியப்புறம். அவருடைய அம்மா இன்றும் "ஐசி எடுத்தியோ?" என்று கேட்பாராம். இவர் ஓட்டக் காற்சட்டையில் பை இல்லை என்று சிரித்துவிட்டுப் போவாராம். இப்போது எங்கள் எல்லோரிடமும் பெயர், இரத்த வகை, வீட்டு இலக்கம் எழுதிய சின்ன அட்டை இருக்கிறது. கைபேசியின் பூட்டிய திரையிலேயே அவசரத் தொடர்பைத் தெரியவைக்கும் வசதியும் பெரும்பாலான போன்களில் உண்டு.

மாற்றியவை

டோர்ச்சுக்கு வந்தோம். 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டு வந்தபோது டோர்ச் இல்லாமல் எங்களில் யாரும் வீதிக்கு இறங்கவில்லை. தெருவிளக்கு திரும்பி வந்ததும் அது லாச்சிக்குள் போய்விட்டது. இப்போது வெளியே எடுத்திருக்கிறோம். நெற்றியில் கட்டுவதைவிட நெஞ்சிலோ கையிலோ இருப்பது நல்லது என்பது என் கருத்து. நெற்றி வெளிச்சம் கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே அடிப்பதால் நிழல் விழாது, வடிகானின் உடைந்த கொங்கிரீட் மூடி தட்டையாகத் தெரியும். தாழ்வாக அடிக்கும் வெளிச்சம் பள்ளத்துக்கு நீண்ட நிழல் கொடுக்கும். முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு. மாற்றிப் போட்டால் சாரதி உங்கள் திசையையே பிழையாகப் புரிந்துகொள்வார்.

பாதையையும் மாற்றினோம். போகவும் வரவும் கடல் பக்கம். அங்கே நடைபாதை இருக்கும் இடங்களில் அதன் மேல், இல்லாத இடத்தில் ஓட்டத்தை நடையாக்கி. ஒழுங்கைகள் அந்தப் பக்கம் வந்து முட்டுவதில்லை. நாய்த் தொல்லை கொஞ்சம் கூட. தண்டவாளத்தில் இறங்கி ஓடுகிறவர்களைப் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம். கடல் இரைச்சலில் ரயில் வருவது கேட்காது.

எங்கள் கூட்டத்துப் பெண்கள் டோர்ச்சுக்கு முழுதாக உடன்படவில்லை. சொந்த வெளிச்சம் சாரதிக்கு மட்டுமல்ல, ஒழுங்கை மூலையில் நிற்கிற வேண்டாத ஆளுக்கும் தெரியும் என்றார்கள். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. அவர்கள் காலையில் நடப்பவர்கள் நிறைய வரும் சுதந்திர சதுக்கப் பக்கம் சேர்ந்து ஓடுகிறார்கள், இருக்குமிடத்தைப் போனில் வீட்டாருக்குப் பகிர்ந்துவிட்டு.

மூலையில் நிற்கும் ஓட்டோக்கள்தான் இன்னும் தீரவில்லை. ஒருவர் சொன்னவுடன் தள்ளி நிறுத்தத் தொடங்கிவிட்டார். மற்றவர், "என்ட வீட்டு வாசலில விடாமல் எங்க விடுறது?" என்கிறார். அவர் கேட்பதும் நியாயம்தான். மூலையில் வாகனம் நிறுத்தத் தடைக்கோடு போடச் சொல்லி ஒரு கடிதம் எழுத வேண்டும். அந்த வேலையைக் கணக்காளரிடமே கொடுத்திருக்கிறோம், அவருக்கு வலது கை நன்றாகத்தான் இருக்கிறது.